பிரேசர் மலையில் மலாயச் சீகாரப் பூங்குருவி: எங்கே, எப்போது, எப்படிப் பார்ப்பது?

செந்தூல்காரன் | திங்கள், இரவு 9.12

அனைவருக்கும் வணக்கம். வரும் பள்ளி விடுமுறையில், இரண்டாம் படிவத்தில் படிக்கும் என் மகளுடன் பிரேசர் மலைக்குச் சென்று இரண்டு இரவு தங்குவதாக இருக்கிறேன். நாங்கள் இருவரும் கெப்போங் காட்டுப் பகுதியிலும் எங்கள் தாமானைச் சுற்றியும் பறவை பார்த்துப் பழகியவர்கள். மலைப்பறவைகள் எங்களுக்குப் புதியவை. தீபகற்ப மலேசியாவைத் தவிர உலகில் வேறெங்கும் இல்லாத மலாயச் சீகாரப் பூங்குருவியை எப்படியாவது பார்த்துவிட வேண்டும் என்பது மகளின் விருப்பம்.

பைன் மரக் குன்றுப் பாதையில் ஏறினால் கிடைக்குமா, அல்லது பிஷப் பாதையும் ஹெம்மன்ட் பாதையும் போதுமா? நாளின் எந்தப் பொழுதில் தேட வேண்டும்? அதன் குரலைக் கைப்பேசியில் ஒலிக்கவிட்டு அழைக்கலாம் என்று ஒரு நண்பர் சொல்கிறார். அது சரியா என்பதையும் அனுபவமுள்ளவர்கள் தெரிவிக்க வேண்டுகிறேன்.

தித்திவங்சா நடையர் | திங்கள், இரவு 10.47

வணக்கம் ஐயா. பைன் மரக் குன்று நல்ல பாதைதான், ஆனால் இந்தப் பறவைக்காக அதில் ஏறாதீர்கள். போகவரப் பெரும்பகுதி நாளை விழுங்கிவிடும், இறுதியில் கயிற்றைப் பிடித்து ஏற வேண்டிய இடங்களும் உண்டு, புறப்படும் முன் காவல் நிலையத்தில் பெயர் பதிந்துவிட்டுத்தான் செல்ல வேண்டும். அவ்வளவு உழைத்து நீங்கள் அடையும் முகடு வறண்ட முகடு. உங்கள் பறவை நீரோடையை விட்டு அதிகம் விலகாதது.

தித்திவங்சா மலைத்தொடரில், ஏறக்குறைய 800 மீட்டருக்கு மேல், நிழல் அடர்ந்த சிற்றோடைகளின் கரையில்தான் இது வாழ்கிறது. பகலில் பாறை இடுக்குகளிலும் புதர் அடியிலும் கருநீல நிழலாக ஒதுங்கிவிடுவதால், பாதையில் நடந்துகொண்டே இதைக் கண்டுபிடிப்பது பெரும்பாலும் நடவாத காரியம். ஆனால் பொழுது புலரும் நேரத்திலும் மங்கும் நேரத்திலும் இதுவே ஓடையை விட்டு மேலே வந்து, தார்ச்சாலையின் ஓரத்திலும் வடிகாலிலும் புழு பூச்சி பொறுக்கும். மனிதன் வெட்டிய சாலை இந்தப் பறவைக்கு ஓர் அகலமான ஓடைக்கரையாகப் பயன்படுகிறது என்று நினைத்துக்கொள்ளுங்கள். ஆகவே நீங்கள் தேட வேண்டியது நடைபாதையை அல்ல. ஓடை ஒன்று சாலைக்கு அடியில் குழாய் வழியாகவோ சிறு பாலத்தின் கீழோ கடந்து செல்லும் வளைவைத்தான். கேப் எனப்படும் கணவாயிலிருந்து மேலே ஏறும் பழைய எட்டுக் கிலோமீட்டர்ச் சாலையிலும், ஊருக்குள் மலையைச் சுற்றி வரும் சாலைகளிலும் இப்படிப்பட்ட வளைவுகள் பல உள்ளன. முதல் நாள் பகலில் வண்டியை ஓரமாக நிறுத்தி, தண்ணீர்ச் சத்தம் கேட்கும் இரண்டு மூன்று இடங்களைக் குறித்துக்கொள்ளுங்கள். மறுநாள் இருட்டு விலகும் முன்னரே அவற்றில் ஒன்றில் போய் நின்றுவிட வேண்டும். வண்டி விளக்கும் கைவிளக்கும் அணைந்திருக்க வேண்டும், பேச்சும் கூடாது.

கோலாலம்பூரிலிருந்து பிரேசர் மலை ஏறக்குறைய 100 கிலோமீட்டர்தான் என்றாலும், கோலா குபு பாருவுக்குப் பிறகு சாலை முழுவதும் வளைவு. அதிகாலையில் வீட்டிலிருந்து புறப்பட்டு விடியலுக்குள் போய்ச் சேரலாம் என்று கணக்குப் போடாதீர்கள். மேலே தங்குவதாகச் சொன்னது நல்ல முடிவு. எண்ணெய் நிலையம் மேலே கிடையாது, ஆகவே கோலா குபு பாருவிலேயே நிரப்பிக்கொள்ளுங்கள். மண்சரிவினால் மேல் சாலைகளின் போக்குவரத்து முறை மாறுவதுண்டு, அங்கேயே ஒரு கடையில் தேநீர் குடித்தபடி அதையும் விசாரித்துக்கொள்ளலாம்.

பட்டர்வொர்த் கொக்கு | செவ்வாய், காலை 7.55

குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும். பினாங்குக் கொடிமலையில் இதைப் பார்க்க வாய்ப்புண்டா? எங்களுக்கு அதுதான் அருகில் இருக்கிறது.

தித்திவங்சா நடையர் | செவ்வாய், காலை 8.20

வாய்ப்பில்லை. கொடிமலையின் உயரம் 833 மீட்டர்தான். அதைவிட முக்கியமாக, அது தித்திவங்சாத் தொடரிலிருந்து கடலால் பிரிந்த தீவு. வடக்கிலிருந்து வருவோருக்குக் கேமரன் மலை பொருத்தமானது. அங்கே 2,000 மீட்டரைத் தாண்டும் பிரிஞ்சாங் சிகரம் வரை சாலை இருக்கிறது என்றாலும், இந்தப் பறவைக்காக உச்சி வரை போகத் தேவையில்லை. கீழே ஓடைகள் உள்ள காட்டோரச் சாலைகளே போதும்.

வாத்தியார் | செவ்வாய், மாலை 5.30

தம்பி செந்தூல்காரனுக்கு ஒரு செய்தி. இந்தப் பறவைக்கும் நம் நகரத்துக்கும் ஒரு தொடர்பு இருக்கிறது. 1905இல் ஓகில்வி கிராண்ட் இதை அறிவியலுக்கு அறிமுகப்படுத்தியபோது, ராபின்சனி என்று பெயரிட்டார். அந்தப் பெயருக்குரிய எர்பர்ட் ராபின்சன் அக்காலத்தில் கோலாலம்பூரின் சிலாங்கூர் அருங்காட்சியகத்தில் பணியாற்றியவர். பின்னர் மலாயக் கூட்டு மாநிலங்களின் அருங்காட்சியகங்களுக்கு இயக்குநரானார். மலாயத் தீபகற்பத்தின் பறவைகளைப் பற்றிய பெருநூலைத் தொடங்கியவரும் அவர்தான். அந்த அருங்காட்சியகக் கட்டடம் 1945 மார்ச்சில் நேச நாட்டு விமானங்களின் குண்டுவீச்சில் சிதைந்தது. அதே இடத்தில்தான் 1963இல் தேசிய அருங்காட்சியகம் திறக்கப்பட்டது. பிரிக்பீல்ட்சிலிருந்து நடந்தே போகும் தூரம். மலைக்குப் போகும் முன் பிள்ளையை அங்கே ஒருமுறை அழைத்துச் செல்லுங்கள்.

இன்னொன்று, விடியல் நேரத்தைப் பற்றியது. பழைய குறிப்புகளையும் அக்காலத்தவரின் நாட்குறிப்புகளையும் படித்துவிட்டு அதே மணிக்குப் போய் நிற்பவர்களைக் கண்டிருக்கிறேன். 1982 ஜனவரி 1ஆம் நாள் தீபகற்ப மலேசியாவின் கடிகாரம் அரை மணி நேரம் முன்னே தள்ளி வைக்கப்பட்டது. அதற்கு முன் எழுதப்பட்ட ஆறு மணி என்பது இன்றைய ஆறரை. இப்போது நம் பக்கத்தில் சூரியன் ஆண்டு முழுவதும் ஏறக்குறைய ஏழு மணிக்கும் ஏழரைக்கும் இடையில்தான் உதிக்கிறது. எனவே ஆறே காலுக்கு இடத்தில் நின்றால், ஆறே முக்காலையொட்டிக் கண்ணுக்கு உருவம் தெரியத் தொடங்கும் நேரம் உங்களுக்கு முழுதாகக் கிடைக்கும். உதயத்துக்குப் பிறகு வண்டிகள் ஓடத் தொடங்கிவிட்டால் பறவை ஓடைக்குள் இறங்கிவிடும்.

பச்சைத்தும்பி | செவ்வாய், இரவு 8.04

வாத்தியார் ஐயா சொன்ன நேரக் கணக்கு மிகவும் தேவையானது. நான் சொல்ல வேண்டியது அடையாளம் பற்றியது. ஏனெனில் இந்தத் தேடலில் கடினமான பகுதி, பறவை வருவதல்ல. வந்தது எது என்று தீர்மானிப்பதுதான்.

அதே மலையில் நீலச் சீகாரப் பூங்குருவியும் இருக்கிறது. அதுவும் கருநீலம், அதுவும் ஓடைக்கரை, அதுவும் விடியலில் சாலைக்கு வரும், அதுவும் வாலை விசிறிபோல் விரித்து மூடும். வேறுபாடுகள் மூன்று. முதலாவது உருவம்: நீலச் சீகாரம் 30 சென்டிமீட்டருக்கு மேற்பட்ட பெரிய பறவை, மலாயச் சீகாரம் ஏறக்குறைய 26 சென்டிமீட்டர். இரண்டாவது அலகு: நம் நாட்டு நீலச் சீகாரத்தின் அலகு மஞ்சள், பருமனானது, மலாயச் சீகாரத்தின் அலகு கருமையானது, மெல்லியது. மூன்றாவது உடல் நிறம்: நீலச் சீகாரத்தின் உடல் எங்கும் மின்னும் வெளிர்ப் புள்ளிகள் தெளித்திருக்கும், மலாயச் சீகாரத்தில் அப்படிப்பட்ட புள்ளித் தெளிப்பு இல்லை, தோளில் மட்டும் ஒளிரும் நீலத் திட்டு தெரியும்.

புத்தகத்தில் படிக்கும்போது இவை எளிதாகத் தோன்றும். ஆனால் அரை இருட்டில் முதலில் மறைவது நிறம். தோள் திட்டும் புள்ளிகளும் அந்த வெளிச்சத்தில் உதவமாட்டா. இளம் நீலச் சீகாரத்துக்கு அந்தப் புள்ளிகளே தெளிவாக அமைந்திருக்காது. எஞ்சுவது அலகும் உருவமும்தான். தனியாக நிற்கும் பறவையின் உருவத்தைக் கண்ணால் மதிப்பிடுவதைப் போல ஏமாற்றும் வேலை வேறில்லை, ஆகவே நான் அலகைத்தான் முதலில் பார்ப்பேன். மஞ்சள் என்பது மங்கிய ஒளியிலும் வெளிறிய புள்ளியாகத் தெரியக்கூடிய நிறம்.

இருகண்நோக்கியைப் பற்றியும் ஒரு சொல். பத்து மடங்கு பெருக்கம் உள்ளதை வைத்திருந்தால், முடிந்தால் எட்டு மடங்குள்ள ஒன்றை இரவல் வாங்குங்கள். 8க்கு 42 என்ற அளவில் (எட்டு மடங்கு பெருக்கம், 42 மில்லிமீட்டர் முன்வில்லை) கண்ணுக்கு வரும் ஒளிவட்டம் 5.25 மில்லிமீட்டர், 10க்கு 42 என்றால் 4.2 மில்லிமீட்டர்தான். நண்பகலில் இந்த வேறுபாட்டை யாரும் உணரமாட்டார்கள். விடியலுக்கு முந்தைய அந்த அரை மணி நேரத்தில், அலகின் நிறம் தெரிவதும் தெரியாமல் போவதும் இதைப் பொறுத்தே அமையும்.

ஒளிப்பெட்டி | செவ்வாய், இரவு 11.31

அனைவரும் பழைய காலத்து முறைகளையே சொல்கிறீர்கள். குளிரில் இருட்டில் நின்று, வருமா வராதா என்று தெரியாமல் காத்திருப்பதை ஒரு பதின்ம வயதுப் பிள்ளை எத்தனை நாள் பொறுத்துக்கொள்ளும்? குரல் பதிவுகள் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. ஓடைக்கரையில் சில விநாடிகள் ஒலிக்கவிட்டால், பறவை அருகில் இருந்தால் பதில் தரும் அல்லது எட்டிப் பார்க்கும். நல்ல வெளிச்சத்திலேயே பார்த்துவிடலாம், அடையாளக் குழப்பமும் தீர்ந்துவிடும். மண்புழுவோ மாவுப்புழுவோ தூவி வைத்துப் படம் எடுக்கும் மறைவிடங்கள் மலைநாட்டில் பல இடங்களில் இருக்கின்றன, அங்கே வரும் பறவைகள் செத்துப்போய்விடவில்லை. ஒரு கூட்டமே ஓடைக்குள் இறங்கிப் பாறைகளை மிதித்துக்கொண்டு தேடுவதைவிட, சாலையில் நின்றபடி இருபது விநாடி ஒலி எழுப்புவது குறைந்த தீங்கு என்றே நான் கருதுகிறேன்.

பச்சைத்தும்பி | புதன், காலை 6.40

உங்கள் கடைசி வாக்கியத்தோடு எனக்கு உடன்பாடு உண்டு. ஓடைக்குள் இறங்குவது நிச்சயமாகத் தவறு. ஆனால் உங்கள் கணக்கில் ஒருவர் மட்டும் இருபது விநாடி ஒலிக்கவிடுகிறார். பிரேசர் மலையின் உண்மை நிலை அதுவல்ல. கோலாலம்பூரிலிருந்தும் சிங்கப்பூரிலிருந்தும் வார இறுதிதோறும் வருபவர்கள் எல்லோரும் நிற்பது அதே ஐந்தாறு வளைவுகளில். ஒவ்வொரு குழுவும் இருபது விநாடி ஒலித்தால், அந்த வளைவில் எல்லை வகுத்து வாழும் ஒரு பறவைக்கு, வாரந்தோறும் கண்ணுக்குத் தெரியாத எதிரிகள் படையெடுத்து வருவதாகத் தோன்றும். அது இரை தேடுவதை விட்டுவிட்டு எதிரியைத் தேடும். கூட்டில் முட்டையோ குஞ்சோ இருந்தால், அந்த நேரம் முழுவதும் அவை காவலின்றிக் கிடக்கும். நம் காட்டுப் பறவைகளில் பெரும்பாலானவை கூடு கட்டும் மார்ச் முதல் ஜூன் வரையிலான மாதங்களில் இதன் தீங்கு இன்னும் கூடும்.

மேலும், குரலுக்கு ஓடி வந்து அலறும் பறவையைப் பார்த்தவர், அந்தப் பறவை எப்படி வாழ்கிறது என்பதைப் பார்த்ததாகச் சொல்ல முடியாது. தூவி வைத்த புழுவைக் கொத்தும் பறவையும் அப்படித்தான்.

ஒளிப்பெட்டி | புதன், காலை 9.15

கடைசியில் சொன்னது ரசனை சார்ந்தது, அதை விட்டுவிடுகிறேன். வார இறுதிக் கூட்டம் பற்றிச் சொன்னது நியாயம். அப்படியானால் தீர்வு, ஒலிப்பதிவைத் தடை செய்வதா, வார நாட்களில் அளவோடு பயன்படுத்துவதா? பிரேசர் மலையில் 1988 முதல் அனைத்துலகப் பறவை நோக்குப் போட்டியே நடத்தப்பட்டு வந்திருக்கிறது. குறித்த நேரத்துக்குள் எத்தனை இனங்களைப் பார்க்கிறோம் என்பதே அதில் எண்ணிக்கை. மக்கள் பறவைக்காக மலைக்கு வருவதை ஊக்குவித்துவிட்டு, வந்தவர் கையைக் கட்டிக்கொண்டு நிற்க வேண்டும் என்பது எனக்குப் புரியவில்லை.

வாத்தியார் | புதன், பிற்பகல் 2.10

இரு தரப்பும் விட்ட ஒரு செய்தியைச் சொல்கிறேன். ஒலிப்பதிவைவிட எனக்குக் கவலை தருவது இடத்தை வெளியிடுவது. படம் எடுத்த கையோடு, எந்த வளைவு, எத்தனையாவது கிலோமீட்டர்க் கல் என்பதுவரை பொதுவில் எழுதிவிடுகிறார்கள். பறவை வேடர்களுக்கும் இணையம் இருக்கிறது. மஞ்சள் தலைக் கொண்டைக்குருவி ஒரு காலத்தில் நம் ஆற்றோரங்களில் பாடித் திரிந்த பறவை. கூண்டுப் பறவை வணிகத்தால் அழிந்து அழிந்து, 2018இல் மிக அருகிவிட்ட இனம் என்ற நிலைக்குத் தள்ளப்பட்டது. மலைப்பறவைகளில் வெள்ளிக்காது மெசியாவும் இந்த வணிகத்தில் சிக்குகிறது. 2010ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது; ஆனால் சட்டத்தின் கை ஒவ்வொரு வளைவுக்கும் நீளாது. சீகாரப் பூங்குருவியைக் கூண்டில் அடைக்க இன்று பெரிதாகப் போட்டி இல்லை என்பதற்காக, பழக்கத்தைத் தளர்த்திக்கொள்ள வேண்டாம் என்பேன்.

நெறியாளர் | புதன், பிற்பகல் 3.00

வாத்தியார் ஐயாவின் கருத்தை ஏற்று, இந்த இழையில் சாலைப் பெயர், கிலோமீட்டர்க் கல் எண், வரைபடப் புள்ளி ஆகியவற்றை எழுத வேண்டாம் எனக் கேட்டுக்கொள்கிறோம். "மலைச் சாலையில் ஓர் ஓடை வளைவு" என்ற அளவே போதுமானது. ஒலிப்பதிவு குறித்த விவாதத்தைத் தனி இழையில் தொடரலாம்.

செந்தூல்காரன் | புதன், இரவு 9.48

அனைவருக்கும் மிக்க நன்றி. ஒலிப்பதிவை எடுத்துச் செல்வதில்லை என்று முடிவு செய்துவிட்டோம். மகள்தான் முடிவெடுத்தாள், என் பங்கு அதில் இல்லை. விடியலுக்குப் பிறகு எஞ்சும் பகலை என்ன செய்யலாம்? அட்டைக்கடி பற்றியும் யாராவது சொன்னால் நல்லது. என் மனைவி அதைக் கேட்டுத்தான் எங்களோடு வர மறுக்கிறார்.

தித்திவங்சா நடையர் | வியாழன், காலை 7.10

பகலில் பிஷப் பாதையையும் ஹெம்மன்ட் பாதையையும் இணைத்து நடங்கள். அவசரமில்லாமல் நடந்தால் அரை நாள் போதும். மலைக்காட்டில் பறவைகள் கூட்டமாகத்தான் நகரும்: பத்து நிமிடம் ஒன்றுமே இருக்காது, பிறகு திடீரென்று நான்கைந்து இனங்கள் சேர்ந்து தலைக்கு மேல் கடந்து போகும். வெள்ளிக்காது மெசியா, நீண்டவால் சிபியா, சிறு துடுப்புவால் கரிச்சான் மூன்றையும் பார்க்காமல் திரும்புவது அரிது. சிள்வண்டு இரைவதைப் போல ஒரு சத்தம் படிப்படியாக வேகம் எடுத்தால், அது வண்டு அல்ல, தீக்குஞ்சக் குக்குறுவான். பாதையில் தரையோடு தரையாக அசையும் எதையும் அலட்சியம் செய்யாதீர்கள். ஆறுமணிக்குருவி இனங்கள் அப்படித்தான் தென்படும். செந்தலைத் தீக்காக்கை அசையாமல் அமர்ந்திருக்கும், ஆகவே அதைத் தேடுபவர் கிளைகளின் நடுப்பகுதியைப் பார்க்க வேண்டும். கருங்குரங்கான சியாமாங்கின் கூச்சல் பள்ளத்தாக்கிலிருந்து எழும். முதல் முறை கேட்பவர் பயந்துவிடுவார், பிள்ளையிடம் முன்கூட்டியே சொல்லிவையுங்கள்.

அட்டைக்கு, முழங்கால் வரை வரும் நெருக்கமாக நெய்த துணிக் காலுறை வாங்கிக்கொள்ளுங்கள், மலையேற்றப் பொருட்கள் விற்கும் கடைகளில் கிடைக்கும். தோட்டப்புறத்தில் நம் பெரியவர்கள் புகையிலைத் தண்ணீரைக் காலில் தடவிக்கொண்டு பால்மரம் வெட்டப் போனார்கள், அதுவும் வேலை செய்யும், ஆனால் மழையில் கழுவிப்போகும். உங்கள் துணைவியாரிடம் சொல்லுங்கள்: சீகாரப் பூங்குருவிக்காகச் சாலையில் நிற்பதற்கு அட்டை பயமே தேவையில்லை.

செந்தூல்காரன் | ஞாயிறு, இரவு 10.05

திரும்பி வந்துவிட்டோம். மனைவியும் வந்திருந்தார். நடந்ததை அப்படியே எழுதுகிறேன். தீர்ப்பை உங்களிடம் விடுகிறேன்.

முதல் நாள் பகலில் நடையர் ஐயா சொன்னபடி வளைவுகளைப் பார்த்துவைத்தோம். மறுநாள் விடியலில் மூடுபனி இறங்கிவிட்டதால் எதுவும் தெரியவில்லை, குரல்கூடக் கேட்கவில்லை. அன்று பிஷப் பாதையில் மகள் தானாகவே செந்தலைத் தீக்காக்கையைக் கண்டுபிடித்தாள் என்பதால் யாருக்கும் வருத்தமில்லை. அடுத்த விடியலில் வானம் தெளிந்திருந்தது. வேறோர் ஓடை வளைவில், சிறு பாலத்தின் தடுப்புச் சுவரை ஒட்டி நின்றோம். கண்ணுக்குத் தார்ச்சாலையும் புல்லும் பிரிந்து தெரியத் தொடங்கிய நேரத்தில், வடிகாலிலிருந்து ஒரு கரிய பறவை எம்பிச் சாலை ஓரத்துக்கு வந்தது. சில தாவல்கள், ஒரு நிறுத்தம், வாலை விரித்து மூடுதல், மீண்டும் தாவல். வடிகால் மூடியின் மேல் ஏறி நின்று எதையோ கொத்தியது. கீழே எங்கோ ஒரு வண்டியின் சத்தம் கேட்டதும் ஓடைக்குள் இறங்கிவிட்டது. முழுவதும் ஒரு நிமிடத்துக்குச் சற்றுக் கூடுதலாக இருக்கலாம்.

அலகில் மஞ்சள் எதையும் மூவரும் பார்க்கவில்லை. புள்ளிகளும் தெரியவில்லை, அந்த வெளிச்சத்தில் தெரிந்திருக்கவும் வாய்ப்பில்லை. என் படத்தில் ஒரு கரிய உருவம்தான் இருக்கிறது. கேமராவின் ஒளியுணர்திறனை ஐஎஸ்ஓ 12,800 வரை ஏற்றியும் பயனில்லை. ஆனால் பறவை போனபின் மகள் ஒரு வேலை செய்தாள். தன் தண்ணீர்ப் புட்டியை அதே வடிகால் மூடியின் மேல், பறவை நின்ற இடத்தில் வைத்துவிட்டு வந்து, நாங்கள் நின்ற அதே இடத்திலிருந்து அதே வில்லையால் இன்னொரு படம் எடுக்கச் சொன்னாள். புட்டியின் உயரம் 24 சென்டிமீட்டர். இரண்டு படங்களையும் இணைத்திருக்கிறேன்.

ஒளிப்பெட்டி | ஞாயிறு, இரவு 10.40

முதலில் உங்கள் மகளுக்கு என் வணக்கம். பல ஆண்டு அனுபவம் உள்ளவர்களுக்கும் அந்த இடத்தில் அது தோன்றியிருக்காது.

இரண்டு படங்களையும் ஒன்றின் மேல் ஒன்றாக வைத்துப் பார்த்தேன். வடிகால் மூடியின் விளிம்புகள் சரியாகப் பொருந்துகின்றன. அலகு நுனியிலிருந்து வால் நுனி வரை பறவை, புட்டியின் உயரத்தைவிடச் சற்றே நீளம். நீலச் சீகாரமாக இருந்தால் புட்டியை நன்றாகத் தாண்டியிருக்க வேண்டும். என் தீர்ப்பு: மலாயச் சீகாரம்.

பச்சைத்தும்பி | திங்கள், காலை 7.25

நானும் அப்படி இருக்க வேண்டும் என்றே விரும்புகிறேன். ஆனால் படத்தில் பறவை சரியான பக்கவாட்டில் நிற்கவில்லை. வடிகால் மூடியின் விளிம்பைப் பாருங்கள், பறவையின் உடல் அந்தக் கோட்டுக்குச் சாய்வாகவும் தலை நம் பக்கம் திரும்பியும் இருக்கிறது. அப்படிச் சாய்ந்து நிற்கும் 31 சென்டிமீட்டர்ப் பறவை, படத்தில் 26 சென்டிமீட்டராகத் தெரிவதற்கு ஏறக்குறைய 33 பாகைச் சாய்வு போதும். இந்தப் படத்தில் சாய்வு எவ்வளவு என்பதை என்னால் அறுதியிட்டுச் சொல்ல இயலவில்லை. அலகும் நம்மை நோக்கித் திரும்பியிருப்பதால், பின்னணி வானத்தின் வெளிச்சத்துக்கு எதிராக அது கறுத்துத் தெரிவது இயல்பு.

அளவு மலாயச் சீகாரத்துக்குச் சாதகமாக இருக்கிறது, உறுதி செய்யவில்லை. அலகில் மஞ்சள் தெரியவில்லை என்று மூவரும் சொல்வது இன்னும் வலுவான சான்று, ஆனால் மூவரும் அலகை எந்தக் கோணத்தில், எவ்வளவு நேரம் பார்த்தீர்கள் என்பது முக்கியம்.

வாத்தியார் | திங்கள், காலை 10.50

தம்பி, மூவரையும் தனித்தனியாக எழுதச் சொல்லுங்கள். ஒருவர் எழுதியதை மற்றவர் பார்க்கக் கூடாது. அலகு தலையோடு ஒப்பிட நீளமா குட்டையா, பருமனா மெல்லியதா, பக்கவாட்டில் எப்போதாவது தெரிந்ததா. நாளாகிவிட்டால், நாம் இங்கே பேசியதே உங்கள் நினைவில் பறவையாகிவிடும். இன்றே எழுதிவிடுவது நல்லது.

செந்தூல்காரன் | திங்கள், இரவு 8.33

எழுதச் சொல்லி ஒப்பிட்டுப் பார்த்தேன். நான் வாலையே கவனித்திருக்கிறேன்; அலகைப் பற்றி என்னால் நிச்சயமாக எதுவும் சொல்ல முடியவில்லை. மனைவி, பறவை கொத்தியபோது பக்கவாட்டில் பார்த்ததாகவும், அலகு மெல்லியதாகவும் தலையின் நிறமாகவே இருந்ததாகவும் எழுதியிருக்கிறார். மகள் எழுதியது: "கறுப்பு, மெல்லியது, மைனாவின் அலகைப் போல மஞ்சள் இல்லை. கொத்தும்போது ஒரு முறை தெளிவாகத் தெரிந்தது." இருவரும் தனித்தனி அறையில் அமர்ந்து எழுதியவை இவை.

தித்திவங்சா நடையர் | திங்கள், இரவு 9.02

சாலைப் பக்கமாகவே வராத உங்கள் துணைவியார் சாட்சி சொல்லும் நிலைக்கு வந்துவிட்டார்! ஒருவரையொருவர் பாராமல் இருவர் எழுதியது ஒத்துப்போகிறது, பக்கவாட்டில் பார்த்ததாகச் சொல்கிறார்கள், அளவும் முரண்படவில்லை. இந்த அளவுச் சான்றை என் சொந்தப் பட்டியலில் நான் ஏற்றுக்கொள்வேன்.

பச்சைத்தும்பி | திங்கள், இரவு 9.30

சொந்தப் பட்டியலில் நானும் ஏற்றுக்கொள்வேன். ஆனால் பறவை பார்ப்பவர்கள் தங்கள் பதிவுகளை இணையத்தில் சேர்க்கும் ஈபேர்ட் போன்ற பொதுத் தரவுத்தளத்தில், வருங்காலத்தில் ஆய்வாளர் ஒருவர் இந்தப் பதிவை எடுத்துப் பரவல் வரைபடம் போடக்கூடும். அங்கே இரண்டு வழிகள் உள்ளன. மலாயச் சீகாரம் என்று பதிந்து, அலகு குறித்த இருவரின் விவரிப்பையும் புட்டிப் படத்தையும் இணைத்து, சரிபார்ப்பவரிடம் முடிவை விடலாம். அல்லது சீகாரப் பூங்குருவி, இனம் உறுதி செய்யப்படவில்லை என்று பொதுவாகப் பதியலாம். இரண்டும் நேர்மையான வழிகள்தான். நானாக இருந்தால் இரண்டாவதைத் தேர்வேன். தெளிவான படம் உள்ள பதிவுகள் இந்த மலையிலிருந்து ஏற்கெனவே நிறைய இருப்பதால், ஐயத்துக்குரிய ஒன்றைச் சேர்ப்பதில் அறிவியலுக்குப் பெரிய ஆதாயம் இல்லை. இதுவே பறவை இதுவரை பதிவாகாத ஒரு புதிய மலை என்றால் முதல் வழியைச் சொல்லியிருப்பேன்.

ஒளிப்பெட்டி | திங்கள், இரவு 9.44

எனக்கு உடன்பாடில்லை. சரிபார்ப்பவர் என்று ஒருவர் இருப்பதே இதற்காகத்தானே? விவரங்களோடு அனுப்பினால் அவர் ஏற்கட்டும், மறுக்கட்டும். நாமே முன்கூட்டி நம் கண்ணைச் சந்தேகித்துக் குறைத்துப் பதிவது அடக்கமே தவிர, துல்லியம் ஆகாது.

செந்தூல்காரன் | செவ்வாய், காலை 6.58

இரு கருத்துகளையும் வீட்டில் வாசித்துக் காட்டினேன். என் கணக்கில் இனம் உறுதி செய்யப்படவில்லை என்றே பதிந்துவிட்டேன், ஏனென்றால் அலகைப் பார்க்காதவன் நான். மகளுக்குத் தனிக் கணக்கு இருக்கிறது. அவள் மலாயச் சீகாரம் என்று பதிந்து, விவரிப்பையும் இரண்டு படங்களையும் இணைத்து அனுப்பியிருக்கிறாள். சரிபார்ப்பவரிடமிருந்து பதில் வந்ததும் இங்கே தெரிவிக்கிறேன். அடுத்த விடுமுறையில் மீண்டும் போவதென்று பேச்சு. யாரிடமாவது 8க்கு 42 இருகண்நோக்கி இரவல் கிடைக்குமா? எங்களிடம் இருப்பவை இரண்டுமே பத்து மடங்கு.

பச்சைத்தும்பி | செவ்வாய், காலை 7.20

என்னிடம் கூடுதலாக ஒன்று இருக்கிறது. கழுத்துவார் மட்டும் பழையது. தனிச்செய்தி அனுப்புங்கள், பிரிக்பீல்ட்சில் பெற்றுக்கொள்ளலாம்.